பன்னிரண்டு பேரில் ஒருவன்

பெரிய வியாழன் பூசைக்குச் சற்று முன்னர், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாகப் பாதம் கழுவப்பட வேண்டிய பன்னிரண்டு ஆண்களும் கோயிலின் பின்னறையில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிய கால்கள். சபைத் தலைவர் கிறகரி பவுடரும் பூசியிருந்தார். துவாய்களோடு வந்த அவர் மனைவி சிசிலிக்கு அந்த மணம் பிடிக்கவில்லை.

அவர்களில் ஒருவனான, டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவும் ஜெனாட்டைக் கிறகரி ஓரமாக அழைத்தார்.

“தம்பி, நீர் இந்த முறை தண்ணிச் சாடியைப் பிடியும்.”

“பாதர் என்னையும் கதிரையில இருக்கச் சொன்னவர், அண்ணை.”

“அவர் இங்க பிறந்து வளர்ந்தவர், எங்கட ஊர் விசயம் விளங்காது. உம்மோட சரிசமனா இருக்க மற்றாக்களுக்கு விருப்பமில்லை.”

ஜெனாட் சப்பாத்தைத் திரும்ப மாட்டினான்.

“சாதி எண்டு சொல்ல வெக்கமாக்கும்,” என்றாள் சிசிலி. “ஆண்டவர் யூதாசின்ர காலையும் கழுவினவர்.”

“யூதாஸ் எண்டாலும் எங்கட ஆள், அக்கா,” என்று ஒருவர் பகிடி விட, எல்லாரும் சிரித்தார்கள்.

சிசிலி நேரே பாதரிடம் போய், கணவனின் பெயரையும் மறைக்காமல் சொன்னாள்.

பாதர் வந்து நின்றார். “ஜெனாட் இருப்பார். ஏலாத ஆக்கள் போகலாம்.”

கிறகரிதான் முதலில் எழுந்தார். “வந்து காரில ஏறும்,” என்றார் மனைவியிடம்.

“போங்கோ. நான் மெட்ரோவில வாறன்.”

பூசையில் பதினொரு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஜெனாட் கூச்சத்தோடு காலை நீட்ட, பாதர் முழங்காலிட்டார். கணவன்மேல் வந்த அருவருப்பு சிசிலிக்கு அடங்கவில்லை. பூசை முடிந்ததும் அந்த மனிதன் இருக்கும் வீட்டுக்குத்தான் அவள் போக வேண்டும்.