ஓட்டுகிறவனை நம்பாதீர்கள்

கமாண்டர் என்றதும் படையில் இருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெயிண்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய காருக்கு இருந்த காவல் அமைச்சர்களுக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம். ஸ்டியரிங்கில் இரும்புத் தடி. கியருக்குத் தனிப் பூட்டு. இருக்கைக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச். வண்டி போகும் இடத்தைப் போனில் காட்டி, போனிலிருந்தே என்ஜினை அணைக்கவும் கிளப்பவும் உதவும் கருவி. எல்லாவற்றுக்கும் மேலே, அப்படி அணைத்ததும் அலறும் ஒரு சைரன். அது வெறுமனே ஊளையிட்டால் எவன் மதிப்பான் என்று, கமாண்டர் தன் குரலையே அதில் பதிவு செய்து வைத்திருந்தார்.

அன்று காலை பக்கத்துக் காலனி சங்கத்தில் "வாகனமும் விழிப்பும்" என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சங்கத் தலைவரான டயர் கடைக்காரர் தன் காரிலேயே வந்து அழைத்துப்போனார். அழைத்துப்போக ஆள் வருவது கமாண்டருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் அவருடைய நிறைமாத மகளுக்கு வலியோடு ரத்தமும் பட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். டாக்டரம்மா போனில், "எதுல வேணா வாங்க, உடனே வாங்க" என்றார். மாப்பிள்ளை மாமனாரைக் கூப்பிட்டார். கமாண்டர் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் துண்டித்தார். மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார். இவர் மறுபடி துண்டித்தார்.

"மாப்பிள்ளைதான். சும்மா கூப்பிடுவார்" என்று மைக்கிலேயே சொன்னார். சபை சிரித்தது.

"அவர் எடுக்க மாட்டார். வண்டியை எடுங்க" என்றாள் கமாண்டரின் மனைவி. பூட்டுகளின் சாவி எங்கே, ரகசிய சுவிட்ச் எங்கே என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தினமும் ஒரு மனிதர் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவினால் எந்த மனைவிக்குத்தான் தெரியாது?

மண்டபத்தில் கமாண்டரின் போன் கிணுகிணுத்தது. வண்டி நகர்கிறது என்றது திரை. அவர் முகம் வெளிறியது. அடுத்த கணமே மலர்ந்தது. திருடனே நேரம் பார்த்து வந்து பேச்சுக்கு உதாரணம் கொடுக்கிறான்!

"நண்பர்களே, என் வண்டியை இப்போது ஒருவன் திருடிக்கொண்டு போகிறான்!"

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க சார்" என்றார் டயர் கடைக்காரர்.

"என் வண்டியை என்னைக் கேக்காம எங்க வீட்டுல தொடக்கூட மாட்டாங்க."

வேகத்தடையில் வண்டி மெதுவான நேரம் பார்த்து, என்ஜினை அணைக்கப் போனை அழுத்தினார். கைதட்டல் காதைப் பிளந்தது.

கார் நின்றுபோய், ரயில் பாதைக்கு அடியில் போகும் சரிவில் தானாக உருண்டு, சுரங்கத்தின் நடுவில் நின்றது. ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சுரங்கம் அது. பின்னால் வரிசை கட்டிய வண்டிகள் ஹாரன் அடித்தன. அதையும் மீறிக் கமாண்டரின் குரல் சுவரெல்லாம் மோதியது: "இது திருடப்பட்ட வண்டி! ஓட்டுகிறவனை நம்பாதீர்கள்! என்ன கதை சொன்னாலும் வண்டியை நகர விடாதீர்கள்!"

மாப்பிள்ளை இறங்கி, "தள்ளுங்க சார், உள்ளே என் சம்சாரம்" என்று தொடங்கியதும் ஒருவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"கதை சொல்வான்னு வண்டியே சொல்லுதே!"

"பொம்பளைங்களை உக்கார வெச்சுக்கிட்டுதான் இப்பல்லாம் திருடுறானுங்க" என்றான் இன்னொருவன்.

பின் சீட்டில் மகள் அம்மாவின் கையை விடவில்லை. அம்மா ஒரு கையால் கண்ணாடியைத் தட்டிக் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. சீட்டில் விரித்திருந்த துண்டு நனைந்துகொண்டிருந்தது.

திருடனைப் பிடிக்க, டயர் கடைக்காரரின் காரில் கமாண்டர் பாய்ந்து வந்தார். சரிவில் இறங்கி ஓடியவர் முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் கிழிந்த காலரை. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகத்தை.

என்ஜினைக் கிளப்பப் போனை அழுத்தினார். "வாகனம் தொடர்பில் இல்லை." மறுபடி அழுத்தினார். சுரங்கத்துக்குள் சிக்னல் வராது என்று கருவி விற்றவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"விடுங்கய்யா! அவர் என் மாப்பிள்ளை! வண்டி என்னுது!"

"என்ன கதை சொன்னாலும்..." என்று அவர் குரலே அவருக்குப் பதில் சொன்னது.

"இவன் கூட்டாளி போலிருக்கு" என்றான் காலரைப் பிடித்திருந்தவன்.

மனைவி மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள்.

"அந்தக் குரல் இந்த ஆளோடதுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்குறேன், நானே நம்பறதில்ல. நீங்க எதுக்கு நம்புறீங்க? என் பொண்ணு உள்ளே செத்துக்கிட்டிருக்கா. தள்ளுங்க!"

காலரை விட்ட கைதான் முதலில் காரில் பட்டது. மனைவி மறுபடி மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்; மாப்பிள்ளை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மேட்டில் கார் முக்கி முனகி ஏறியது. பாதியில் பின்னால் சறுக்கியது. கமாண்டர் முதுகைக் கொடுத்து நின்றார். செருப்பு ஒன்று கழன்று போனது. உள்ளே மகளின் சத்தம் திடீரென்று நின்றதும், அவர் தள்ள மறந்து நின்றார்.

"தள்ளு சார், நின்னா எப்படி!" என்று டயர் கடைக்காரர் அதட்டினார். இதற்குமுன் கமாண்டரை யாரும் அப்படி அதட்டியதில்லை. அவர் தள்ளினார்.

வெயில் கண்ணில் பட்டபோது போன் உயிர் பெற்றது. அழுத்தினார். அவர் குரல் பாதி வாக்கியத்தில் அடங்கியது. என்ஜின் உறுமியது. அவர் கதவுப் பிடியில் கை வைப்பதற்குள் கார் போய்விட்டது. பாய்ந்த வேகத்தில் முட்டி மோதி விழுந்தார்.

டயர் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே மனைவி உட்கார்ந்திருந்தாள். கமாண்டர் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். கதவு திறந்து நர்ஸ் எட்டிப்பார்த்தாள்.

"பையன். அம்மாவும் பொழச்சுட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்றவள் முடிக்காமல் உள்ளே போனாள்.

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல, "மாமா, அவசரத்துல வண்டியை வாசல்லயே விட்டுட்டேன். பூட்டல. சாவியும் அதுலயேதான் இருக்கு" என்றார்.

கமாண்டரின் உடம்பு பாதி எழுந்துவிட்டது. மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். உள்ளே குழந்தை கத்தியது.

எழுந்த பாதி மெதுவாக உட்கார்ந்தது.

"இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார்.