மேலேயிருந்து எடுத்த படம்

கால்நடை மருத்துவரான அவளுக்கு எலும்பு உடைந்திருக்கிறதா, வெறும் சுளுக்கா என்பது தொட்டாலே தெரியும். கணவரின் மணிக்கட்டைத் தொட்டதும் உடைந்திருப்பது தெரிந்துவிட்டது. மலைப்பாதையின் ஓரச் சுவரில் அவரை உட்காரவைத்து, பைக்கின் கருவிப் பையிலிருந்த நீளமான ஸ்பானரைக் கைக்கு அடியில் கொடுத்து, தன் கழுத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"மாட்டுக்குக் கட்டுற மாதிரியே கட்டுறியே," என்றார், பல்லைக் கடித்தபடி.

"மாடு இவ்வளவு பேசாது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது அவள் தம்பி. பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். கூட வந்தவர்கள் எல்லாரும் அவன் வாடிக்கையாளர்கள். அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவன் தலைக்கு ஏறி ரொம்ப நாளாகிறது. அவள் கணவர் கண்ணாடிக் கடைக்காரர். அக்காவும் தம்பியும் சேர்ந்தால் பேச்சு வண்டியைப் பற்றித்தான் என்பதால், பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்து அலுத்துப்போய், தலை நரைத்த பிறகு பைக் ஓட்டக் கற்றுக்கொண்டவர். வழி நெடுக மச்சினன் வாய்க்கு அவர்தான் அவல். மாமா வந்து சேர்றதுக்குள்ள மலை தேய்ஞ்சிடும், மாமா வண்டியில பறவை கூடு கட்டுது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏதாவது சொல்வான். கூட்டம் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். போதும் நிறுத்து என்று அவள் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். உறவுக்காரங்ககிட்ட விளையாடாம வேற யாருகிட்ட விளையாடறது என்று கேட்டான்.

அன்று காலை மலையடிவாரத்தில் அவனேதான் சட்டம் போட்டான். பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். விழுந்தவரை விட்டுவிட்டுப் போகிறவனுக்குத் தன் கூட்டத்தில் இடமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வண்டி அவளுடையது, அதற்கு முன்னால் கணவர்.

பாதி மலையில் ஓர் ஆட்டு மந்தை சரிவிலிருந்து இறங்கி அவர்கள் இருவருக்கும் நடுவில் சாலையை அடைத்தது. ஆடுகளை விரட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். மந்தை போனதும் வளைவைத் திரும்பினால், ஜல்லியில் சறுக்கிக் கிடக்கிறது வண்டி. அதன் அடியில் அவர் கால். ஓடிப்போய் வண்டியைத் தூக்கி அவரை இழுத்தாள். கால் சிராய்ப்போடு தப்பியிருந்தது. யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். யாருமே பார்க்கலை, நல்லவேளை மானம் தப்பிச்சது என்றார்.

ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம். அவர் வண்டியை ஓரம் தள்ளிப் பூட்டிவிட்டு, அவரைப் பின்னால் உட்காரவைத்து ஏறினாள். கீழே பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்தது, எதிர்மலையில் மேகம் உரசிக்கொண்டு போனது. அவள் பார்த்தது சாலையை மட்டும்தான். குழி வரும்போதெல்லாம் முதுகுப்பக்கம் அவர் மூச்சைப் பிடிப்பது கேட்டது.

உச்சியில் ஒரு டீக்கடை. வண்டிகள் வரிசையாக நிற்க, எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றிக் குனிந்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தம்பியின் போன். அக்காவைக் கண்டதும் அவன் போனைக் கவிழ்த்த வேகத்திலேயே அவளுக்குப் பொறி தட்டியது.

"காட்டு," என்றாள்.

ஒன்றுமில்லை, சும்மா என்று இழுத்தான். அவளே எடுத்தாள்.

இரண்டு வளைவு மேலே நின்று எடுத்திருந்தான். கீழே சாலை நாடா மாதிரி சுருண்டு கிடந்தது. அதில் பொம்மை போல ஒரு வண்டி திரும்புகிறது, தடுமாறுகிறது, சாய்கிறது. படம் பெரிதாகிறது. காலை உருவப் பார்க்கிறார், முடியவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்து, நன்றாக இருக்கிற கையைத் தூக்கி ஆட்டுகிறார். போனுக்குள் தம்பியின் சிரிப்பு. கை ஆடிக்கொண்டே இருக்கும்போது படம் அவரை விட்டு நகர்ந்து மலைமுகட்டுக்குப் போய், மேகத்தைக் காட்டி முடிந்துவிட்டது.

மறுபடியும் ஓடவிட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அவர் உன்னைக் கூப்பிட்டாருடா."

"டாட்டா காட்டறார்னு நெனச்சேங்க்கா."

"வண்டிக்கு அடியில கால் மாட்டிக் கெடக்கு. டாட்டா காட்டறாரா?"

"நீதான் பின்னாடி வர்றியே, பாத்துக்குவேன்னு..."

"நான் வரலைன்னா? அந்த வளைவுல ஒரு லாரி திரும்பியிருந்தா?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். எல்லார் கண்ணும் டீ டம்ளரில் இருந்தது. எல்லார் எதிரிலும் இப்படி அவமானப்படுத்துகிறாயே என்று முணுமுணுத்தான். அதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. அவனுடைய மேல்சட்டையில் கேப்டன் என்று தைத்திருந்த பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நூல் பிரிந்து பாதி தொங்கியது. மீதியை நீயே பிய்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, கணவரின் வண்டிச் சாவியை மேசையில் போட்டாள்.

"நீ நடந்தே கீழ போய் வண்டிய எடுத்துட்டு வா. யாரும் இவனை ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது."

கூட்டத்திலிருந்த பல் டாக்டர் மட்டும் எழுந்து, ஆஸ்பத்திரிவரை கூட வருவதாகச் சொன்னார். மற்றவர்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். நர்ஸ் வெளியே போனதும் கணவரிடம் கேட்டாள்.

"அவன் மேல நின்னது உங்களுக்குத் தெரியும். எதுக்கு எங்கிட்ட மறைச்சீங்க?"

"உனக்கு இருக்கறது ஒரே தம்பி."

"அதுக்காக? அவன் சிரிச்சப்பல்லாம் நீங்களும் சிரிச்சு சிரிச்சுத்தான் அவனுக்கு இவ்வளவு துணிச்சல் வந்துச்சு. உங்க மேலயும் எனக்குக் கோவம்தான்."

அவர் தலையாட்டினார். வலி அதிகமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்து, கோபத்தில் கேட்காமலே ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

இதற்குள் அம்மாவுக்குச் சேதி போயிருந்தது. போனில் வந்து, சின்னப் பையன், விட்டுக்கொடு என்றாள். அந்தச் சின்னப் பையனுக்கு மீசை நரைக்க ஆரம்பித்துவிட்டது. பொம்மையில் தொடங்கி வீட்டு மாடி அறைவரை அவனுக்கு விட்டுக்கொடுத்தே வளர்ந்தவள் அவள். இதை விட்டுக்கொடுக்க முடியாதும்மா, இது என்னோடது இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். முழங்கால்வரை புழுதி. பூட்ஸ் கடித்து நொண்டி நொண்டி நடந்தான். சட்டையில் பட்டை இல்லை. சாவியை நீட்டி, "மன்னிச்சிடுக்கா," என்றான்.

"நான் விழலை. உள்ள போய் அவர்கிட்ட சொல்லு."

போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். மாமா, அது வந்து என்று தடுமாறினான். கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. அடடா, வாப்பா, உக்காரு, இந்தக் கட்டு எனக்கு எடுப்பா இருக்குல்ல என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

அவள் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சிரிக்காதீங்க. அவன் சொல்லி முடிக்கட்டும்."