‘நந’ என்று அடித்தால்

மின்விசிறி கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். மற்றவர்கள் நாளுக்கு முப்பது கடிதம் அடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், அவள் எண்பதை முடித்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். பெரிய மாயம் ஒன்றுமில்லை. ‘தக’ என்று அடித்து ஒரு பொத்தானை அமுக்கினால், “தங்கள் கடிதம் கிடைத்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்” என்று கம்ப்யூட்டரே நீட்டி முழக்கிவிடும். விசிறி கத்துகிறது என்று எழுதினவருக்கும் அதே வருத்தம்தான், கழன்று தலையில் விழுந்தது என்று எழுதினவருக்கும் அதே வருத்தம்தான். இப்படி நாற்பது சுருக்கங்கள் வைத்திருந்தாள்.

நாற்பத்தொன்றாவது தங்கைக்கு.

அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒருத்திதான். எட்டு மணி நேர ரயில் தூரத்தில், துணி தைத்துக்கொண்டு அவளும் தனியாகத்தான் இருந்தாள். போனில் பேசக் கூச்சம், எழுதச் சொன்னால் எழுதித் தள்ளுவாள். திங்கட்கிழமைதோறும் மெயில் வந்துவிடும். எப்படி இருக்கே, ஒழுங்கா சாப்பிடுறியா, எப்ப வர்றே? முதலில் அக்காவும் பக்கம் பக்கமாகத்தான் பதில் எழுதினாள். போகப் போக எழுத என்ன இருந்தது? ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமலே கழிந்துவிடும். இதையெல்லாம் எழுதினால் சின்னவள் அழுவாள். அதனால் ‘நந’ வந்தது: “நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். வேலை அதிகம், இப்போது வர இயலாது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.” பாசத்தால் வந்த சோம்பல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். சோம்பல் சோம்பல்தான்.

அந்தத் திங்கட்கிழமை மேலதிகாரி தலைக்கு மேல் வந்து நின்றார். புதிதாக வந்த விசிறி மொத்தமும் பழுது, கடிதங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. தங்கையின் மெயிலில் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்தாள். வழக்கமான விசாரிப்புதான். ‘நந’ அடித்தாள், பொத்தானை அமுக்கினாள், அனுப்பிவிட்டாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மீதியைப் படித்தாள்.

“வயித்துல கட்டின்னு சொல்றாங்க. வியாழக்கிழமை ஆபரேஷன். கூட ஒரே ஒரு ஆளைத்தான் விடுவாங்களாம். எனக்கு பயமா இருக்குக்கா. நீ வர்றியா? முடியாதுன்னா பரவால்ல, பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டுக்கறேன்.”

தூக்கிவாரிப் போட்டது. இதற்கா “வேலை அதிகம், வர இயலாது”? உடம்பைப் பார்த்துக்கொள் என்று வேறு! அதற்குக் கீழே தங்கையின் பதிலும் வந்து உட்கார்ந்திருந்தது: “சரிக்கா.”

மாடிப்படிக்கு ஓடிப்போய் போன் போட்டாள்.

“ஏய், நான் படிக்காமலே அனுப்பிட்டேன்டி. அது நான் எழுதினதே இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு...”

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“மூணு வருஷமா அதே நாலு வரிதானே வருது. நான் என்ன பாப்பாவா?”

“தெரிஞ்சுமா வாராவாரம் எழுதினே? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?”

“திட்டினா அதையும் நிறுத்திடுவியோன்னுதான்.” தங்கை சிரிக்கப் பார்த்தாள். “அந்த நாலு வரி வந்துட்டா, அக்கா இன்னிக்கு வேலைக்குப் போயிருக்கான்னு தெரிஞ்சுடும்ல. அது போதும்னு இருந்தேன்.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சின்னவள் அழக் கூடாதென்று இவள் மறைத்த தனிமை அத்தனையும் அங்கேயும் இருந்திருக்கிறது.

“நான் வர்றேன். நாளைக்கே கிளம்பறேன்.”

“வேண்டாம்க்கா. உன் பதில் வந்ததுமே அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். பாவம், அவங்க வேலைக்கு லீவு சொல்லி, ஆஸ்பத்திரியில பேரும் குடுத்தாச்சு. இப்பப் போய் மாத்துங்கன்னா நல்லாருக்காது.”

கூடப் பிறந்தவள் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர். இவளே எழுதிக் கொடுத்த மாதிரி.

“வார்டுக்கு வெளிய பெஞ்சு இருக்கும்ல?” என்றாள் அக்கா.

“இருக்கும். எதுக்கு?”

“அதுல உக்காந்துக்கறேன்.”

அந்தப் பக்கம் தங்கை அழுவது கேட்டது. அழட்டும் என்று போனை வைக்காமலே நின்றாள்.

திரும்பி வந்து விடுப்பு விண்ணப்பம் அடிக்க உட்கார்ந்தாள். இருந்த சுருக்கம் ஒன்றும் உதவவில்லை. எக்ஸ்பிரஸுக்கு ஐந்து வரி அடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. காரணம் என்ற இடத்தில், ‘என் தங்கை பயந்துபோயிருக்கிறாள்’ என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்து, அச்செடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.