மூங்கில் பிரஷ்ஷும் முட்டுக்கட்டையும்

தொழிற்சாலையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் முட்டுக்கட்டை. என் காதுபடவே சொல்வார்கள். நாங்கள் செய்வது பல் பிரஷ். ஒரே தடவையில் செய்து வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நாலைந்தை எடுத்து வளைத்து, இழுத்து, கீழே போட்டுப் பார்ப்பேன். சரியில்லை என்றால் மொத்த லாட்டையும் நிறுத்திவிடுவேன். நிறுத்துகிறவளை யார் கொஞ்சுவார்கள்? சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் என் வேலையில் ஒரு பிசகு சொல்ல ஒருத்தராலும் முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலைவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருடமாக பிளாஸ்டிக் பிரஷ்தான் பார்த்திருக்கிறேன். கழித்துக் கட்டியதெல்லாம் கட்டிடத்துக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடக்கும். எத்தனை மழை பெய்தாலும் அதில் ஒன்றாவது மக்கவேண்டுமே? ஊஹூம். அதனால் குழந்தைகளுக்கென்று மூங்கில் பிரஷ் போடப்போகிறோம் என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உலர்ந்த பிரஷ்ஷை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். ஒரு நார்க்கொத்துகூட அசையவில்லை. இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. தினமும் நனைத்து, காயவைத்து, பத்தாவது நாள் மறுபடி இழுக்கவேண்டும். அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிரஷ்ஷைக் கைப்பையில் போட்டு என் தங்கை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எல்லாச் சோதனையும் முடியாமல் ஒரு பிரஷ்கூட சோதனை அறையைத் தாண்டக் கூடாது என்று மற்றவர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்தான்.

தங்கை மகளுக்கு மூன்று வயது. வீட்டில் கூப்பிடுவது வாலு. ஆளும் அப்படித்தான். தினமும் மதியம் தங்கைக்குப் போன் போடுவேன்.

"வாலு தேய்க்கிறாளா? நல்லா இருக்குல்ல? அந்த பிளாஸ்டிக்கத் தூக்கிக் கடாசிட்டேல்ல?"

"சூப்பர்க்கா" என்பாள்.

எனக்கு அது போதும். வைத்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை பத்தாவது நாள். நனைந்து காய்ந்த பிரஷ்ஷை மெஷினில் மாட்டினேன். ஒன்றரைக் கிலோ கனத்துக்கு இழுத்தாலும் கொத்து வரக் கூடாது. மெஷின் சும்மா தொட்டதும் முதல் கொத்து கழன்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதை நானே நகத்தால் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. கூடவே, கொத்தை அழுத்திப் பிடிக்க உள்ளே வைக்கிற பித்தளைத் துண்டும் வந்தது. அரை அரிசி அளவுதான் இருக்கும், ஆனால் ஓரமெல்லாம் கூர். தண்ணீரில் உப்பி, காய்ந்து சுருங்கி, மூங்கிலில் ஓட்டை பெரிதாகிப் போயிருந்தது.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கும் ஒண்ண நிறுத்தியாச்சா?" என்று சிரித்தார்.

வாலுவும் பத்து நாளாக அதே பிரஷ்ஷைத்தானே வாயில் வைத்திருக்கிறாள்?

தங்கைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் எடுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே ஓடி, கிடைத்த டாக்சியில் ஏறினேன். அந்தத் துண்டு தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும், மூச்சுக்குழாயில் போனால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். டிரைவரைச் சும்மா சும்மா திட்டினேன், பாவம்.

தங்கைதான் கதவைத் திறந்தாள், ஈரக் கையோடு.

"என்னக்கா இந்த நேரத்துல?"

"போன எடுக்க மாட்டியா? வாலு எங்க?"

"உள்ள படம் வரையறா. ரெண்டு நாளா இருமலு, அதான் வெளிய விடல."

இருமல் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. நேரே குளியலறைக்குள் போனேன். கண்ணாடிக்குக் கீழே டம்ளரில் மூங்கில் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. ஈரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு கொத்து இல்லை, இரண்டு ஓட்டை.

"கிளம்பு ஆஸ்பத்திரிக்கு! எக்ஸ்ரே எடுக்கணும், இப்பவே!" கத்தினேன். பித்தளைத் துண்டு, மெஷின், மூச்சுக்குழாய் என்று வாய்க்கு வந்தபடி சொன்னேன். தங்கை பேயறைந்த மாதிரி நின்றாள். அப்புறம் அவள் முகம் வேறு மாதிரி ஆனது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு என் முன்னால் நிற்பாளே, அந்த முகம்.

"அக்கா, திட்டாம கேளு."

"என்ன?"

"அவ அதுல பல்லு தேய்க்கவே இல்லக்கா. மொத நாள் வாயில வச்சதும் துப்பிட்டா. அதோட சரி. பழைய பிரஷ்லதான் தேய்ச்சு விடறேன்."

"பொய் சொல்லாத. இது ஈரமா இருக்கு. ரெண்டு கொத்து எங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "குழாய்க்குப் பின்னாடி அழுக்கு தேய்ச்சிட்டிருந்தேன். நீ பெல் அடிச்சப்பகூட அதான் பண்ணிட்டிருந்தேன். இந்தா, பாரு."

குழாயின் இடுக்கில் இரண்டு கொத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டின் அடியிலும் பித்தளைத் துண்டு பத்திரமாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

"அப்போ இருமல்?"

"தண்ணில ஆடினா வராதா? நேத்தே டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நெஞ்சு சுத்தமா இருக்குன்னாரு."

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வாலு ஓடிவந்து, "பெரியம்மா தண்ணில உக்காந்துட்டாங்க!" என்று கை தட்டினாள். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையெல்லாம் பார்த்தேன். அவள் என் விரலைக் கடித்தாள். கடிக்கட்டுமே! என்னிடம் பொய் சொன்னதற்காகத் தங்கையை மனசுக்குள் வாழ்த்தியது அன்றைக்குத்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "அந்த லாட் வெளிய போகக் கூடாது. நானும் ஒரு பிரஷ்ஷ சோதன முடியறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். அதையும் எழுதிக்கங்க. வேற யாராவது எடுத்துட்டுப் போயிருக்காங்களான்னு இப்பவே கேளுங்க. ஆனா மூங்கில விட்டுடாதீங்க, ஓட்டையத்தான் மாத்தணும்."

"நீங்களா?" என்றார்.

வாலு மறுபடி படம் வரையப் போனாள். நான் தங்கையைப் பார்த்தேன்.

"பத்து நாளா எதுக்குடி சூப்பர் சூப்பர்னு சொன்ன?"

"நீ எங்கக்கா கேட்ட? நல்லா இருக்குன்னு நீயே சொல்லிட்டு, போனை வச்சிருவ."

சுருக்கென்றது. "சரி, இப்ப கேக்கறேன். அதுல என்ன பிடிக்கல?"

"தல பெருசு, அவ வாய்க்குள்ள போகல. பிடி சொரசொரன்னு இருக்கு. பென்சிலக் கடிச்ச மாதிரி இருக்காம்."

பதினோரு வருடத்தில் எந்த மெஷினும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"வேற எதுக்கெல்லாம் சூப்பர் சொல்லி வச்சிருக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ வாங்கிக் குடுத்த திரைச்சீலை. அந்தச் சிவப்புச் செருப்பு. நீ கூட்டிட்டுப் போன பல் டாக்டரு." விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அழுக்குத் தேய்க்கத் திறந்துவிட்ட குழாயிலிருந்து தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"வாலு பொறந்தப்போ ஒரு ஆறு மாசம்... தினமும் போன் பண்ணி நல்லா இருக்கேல்லன்னு கேப்ப. இருக்கேன்னு சொல்வேன்." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நான் நல்லா இல்லக்கா."

என் நாக்கில் நூறு வார்த்தை வந்து நின்றது. ஏண்டி அப்பவே சொல்லல, நான் ஓடி வந்திருக்க மாட்டேனா, உனக்கென்ன குறை வச்சேன் என்றெல்லாம். அத்தனையையும் விழுங்கினேன்.

"எப்படி இருந்த?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் குழாயை மூடிவிட்டு, என் பக்கத்தில் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.