கொல்லைச் சுவரோரம் வெள்ளை ஐரிஸ்

துர்முஷுக்கு இரண்டாந்தாரமாக வந்த முதல் வசந்தத்தில், கொல்லைச் சுவரோரம் வெள்ளை ஐரிஸ் பூத்திருந்ததை நஸிஃபே கண்டாள். துருக்கியின் அந்த அனதோலிய மலையூரில் அதைக் கல்லறைமேல்தான் நடுவார்கள். வீட்டில் எந்தக் கிறுக்கனும் வைக்கமாட்டான். துர்முஷோ களை பிடுங்கி, தண்ணீர் தேங்காமல் மண் அணைத்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். மூத்த தாரம் ஸெலிஹா நகரத்துக்கு ஓடிப்போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன் அவன்.

அவன் வெளியே போன நேரம் பார்த்து நஸிஃபே மண்வெட்டியை எடுத்தாள். இரண்டு கொத்துதான் கொத்தியிருப்பாள்.

"அதைக் கீழ போடுடி."

பின்னால் துர்முஷ் நின்றிருந்தான். தெருக்கதவு தாழிட்டிருந்தது.

"யாரு செத்தாங்கன்னு இத இங்க நட்டீங்க?"

"அவளப் பூவில்லாம விட மனசு வரல. நான் என்ன கல்நெஞ்சக்காரனா?"

குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். புதரைப் பிரித்து, தடித்த கிழங்கு ஒன்றை ஒடித்தெடுத்து, பதமாக மண்ணைத் தட்டிப் பக்கத்தில் தனியே வைத்தான்.

"பூ ஓஞ்சப்புறம்தான் உனக்கு இதப் பிரிச்சு நடணும்," என்றான் வருத்தத்தோடு. "நீதான் அவசரப்படுத்திட்டே."