ஐஸ் கட்டியும் இடது இமையும்

“என் தங்கச்சி இமையை ரெண்டே நிமிஷத்துல தூக்கிக் காட்டுறேன். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. வெறும் ஐஸ்!”

ஐஸ் ஃபேக்டரியில் முப்பத்தெட்டு வருடம் பாளம் பாளமாக இழுத்து ஓய்வு பெற்ற அண்ணன் இப்படிச் சொன்னதும், துறைமுக சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டது.

சிரிக்கிற விஷயமா அது? தங்கை கிரேன் ஓட்டுகிறவள். மதியத்துக்கு மேல் அவளுடைய இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். வேலை நேரத்தில் தூங்கினாள் என்று சூப்பர்வைசர் எழுதி வைத்திருந்தார். அந்தக் கடிதம் மேனேஜரிடம் போனால் வேலை போச்சு. நோய் என்று சூப்பர்வைசரே ஒப்புக்கொண்டால் மருத்துவ விடுப்பு, அப்புறம் தரையில் ஒரு வேலை. டாக்டர் சீட்டு அவரிடம் எடுபடவில்லை.

“சீட்டு எங்க வேணா கிடைக்கும்ணே.”

அண்ணன் டாக்டரிடம் கேட்டதை அவிழ்த்துவிட்டார். “நரம்பும் சதையும் ஒட்டிக்கிட்டு இல்லை தம்பி. நடுவுல இடைவெளி. ஒரு முடியை ஆயிரமா கிழிச்சா அதுல ஒண்ணு அளவு! நரம்பு முனையிலேர்ந்து அசிட்டைல்கோலின்னு ஒரு சரக்கு கொட்டும். அது சதையோட வாசல்ல போய் உட்கார்ந்தாத்தான் சதை அசையும். மூளைக்குள்ள டோபமைன், செரட்டோனின்னு வேற வேற ஆளுங்க, வேற வேற வேலை. இமையைத் தூக்குறது இந்த அசிட்டைல்கோலின்தான்.”

“சரி, உங்க தங்கச்சிக்கு என்ன கேடு?”

“உடம்பே பாதி வாசலை அடைச்சிடுச்சு. போதாததுக்கு ஒரு நொதி, துப்புரவுக்காரன் மாதிரி, சரக்கு விழ விழக் கூட்டித் தள்ளுது. குளிர்ல அதுக்குக் கை விறைச்சிடும். சரக்கு கூடக் கொஞ்ச நேரம் தங்கும்.”

“நல்லாக் கதை விடுறீங்க.”

அண்ணன் தள்ளுவண்டியில் ஒரு பாளத்தையே கொண்டுவந்திருந்தார். ஒரு யானையைக் குளிர வைக்கலாம். ஆனால் ஆர்வக்கோளாறில் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். நன்றாகத் தூங்கி எழுந்த தங்கைக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. தூக்கிக்காட்ட இமை விழவே இல்லை. பாளம் மட்டும் உருகி சூப்பர்வைசரின் செருப்பை நனைத்தது.

“முடிஞ்சுதா வித்தை?”

அண்ணனுக்கு வியர்த்தது. சட்டென்று டாக்டர் செய்தது ஞாபகம் வந்தது. “அம்மாடி, ஃபேனையே பாரு. கண்ணை எடுக்காதே. இமை களைச்சாத்தான் இறங்கும்.”

“கழுத்து வலிக்குதுண்ணே.”

“வேலை வேணுமா, கழுத்து வேணுமா?”

இரண்டு நிமிடம் தாண்டியதும் இடது இமை கெஞ்சிக் கெஞ்சி இறங்கி, பாதிக் கருவிழியை மூடியது.

சூப்பர்வைசர் விடவில்லை. “ஐஸ் வைக்கக் கண்ணை மூடணுமில்ல? அப்படி மூடி ஓய்வெடுத்தா யாருக்கும் சரியாயிடும்.”

“அதையும் பார்த்திடுவோம்.”

வாட்சைப் பார்த்து இரண்டு நிமிடம் சும்மா மூடச் சொன்னார்கள். திறந்தபோது இமை ஒரு நூல்தான் ஏறியிருந்தது. மறுபடி ஃபேன், மறுபடி சரிவு. இப்போது ஐஸ் சில்லுகளை ரப்பர் கையுறையில் போட்டு, மூடிய இமைமேல் சூப்பர்வைசரே பிடித்தார். அண்ணனை நம்பினால்தானே! இரண்டு நிமிடம் கழித்துக் கையை எடுத்தார். தங்கை கண் திறந்தாள்.

இமை மேலே போய் நின்றது.

சூப்பர்வைசர் வலது கண்ணையும் இடது கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காக மடித்துக் கிழித்துவிட்டு, போனை எடுத்தார்.

“சார், அந்தக் கிரேன் விஷயம். தூங்கலை சார், நோய்தான். ஐஸ் வச்சதும் இமை எழும்புச்சு… குடிக்கலை சார். நான்தான் பிடிச்சிருந்தேன். நிஜமாவே எழும்புச்சு.”