பதினான்கு மாதம்

ஏகாம்பரம் வந்தபோது தில்லி ஆய்வகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உங்களைத்தான் பார்க்க வேண்டுமாம், மதராஸ்காரர் என்று வாசல் காவலாளி போனில் சொன்னதும், யாரோ உறவு என்று நினைத்துக்கொண்டாள் சுஜாதா. வந்தவரை அவளுக்குத் தெரியவில்லை. கழுத்தில் ஏதோ அமைச்சக அலுவலகத்தின் அடையாள அட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"என் பொண்ணு மதுவோட ரிப்போர்ட்டும்மா. ஒன்பது வயசு. ஜனவரில போயிட்டா" என்றார்.

குடியிருப்பு லக்ஷ்மிபாய் நகரில். ஒருநாள் எழுதிக்கொண்டிருந்த குழந்தையின் கையிலிருந்து பென்சில் நழுவியிருக்கிறது. பிறகு நடை தடுமாறியது, பிறகு விழுங்க முடியாமல் போனது. டாக்டர் கௌதமன் அக்டோபரில் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். ஓர் இடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தது. அதே மாற்றம் வேறு யாருக்காவது உண்டா என்று பொதுத் தரவுத்தளத்தில் தேடியிருக்கிறார். உலகத்தில் எந்த ஊர் டாக்டரும் இலவசமாகத் திறந்து பார்க்கக்கூடிய தரவுத்தளம் அது. யாருக்கும் இல்லை. 'பொருள் தெரியாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்தது.

"போன மாசம் டாக்டர் கூப்பிட்டாரு. அதே மாத்தம் இன்னொரு குழந்தைக்கு இருக்குன்னு உங்க ஆபீஸ்லேருந்து போட்டிருக்கீங்களாம். வைட்டமின் மாத்திரையிலயே சரியாயிடுச்சாம். அப்படியா?"

"ஆமா."

"அந்தக் குழந்தை நடக்குதா?"

"நடக்குது."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

சுஜாதாவின் வேலையே அதுதான். மரபணு வரிசைகளைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் ஏற்றுவது. பிகாரிலிருந்து வந்த அந்தக் குழந்தை மாத்திரையில் தேறியதும் பதிவைத் தயார் செய்துவிட்டாள். கட்டுரை அச்சாகட்டும், இல்லையென்றால் வேறு ஆய்வகம் முந்திக்கொள்ளும் என்று பேராசிரியர் நிறுத்திவைத்தார். பத்திரிகை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. போடலாமா சார் என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்ட பிறகு, இந்த ஜூனில்தான் பதிவு ஏறியது.

இதையெல்லாம் மழுப்ப ஆங்கிலத்தில் அவளிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன. தில்லியிலேயே, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அம்மாவுடன் பேசிய தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். அதில் மழுப்ப அவளுக்கு வரவில்லை.

"போன வருஷம் ஏப்ரல்லயே தெரியும். நாங்க... வச்சிருந்தோம். பதினாலு மாசம்."

"எதுக்கு?"

"பேப்பர் வரட்டும்னு."

"நியூஸ் பேப்பரா?"

"இல்ல. எங்க பேப்பர். நாங்க எழுதறது."

"அப்பவே போட்டிருந்தா டாக்டர் தேடினப்போ இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கவரை அவள் பக்கம் தள்ளினார்.

"இவளோடதையும் போடுங்க. இப்பவே. எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க."

பேராசிரியரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் ஏற்றக்கூடாது. அவள் பெற்றோர் சம்மதப் படிவத்தில் ஏகாம்பரத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கணினியைத் திறந்தாள். நோய் எப்படித் தொடங்கியது என்ற கட்டத்தில், பென்சில் நழுவியதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் அவள் கை நின்றது.

"என்ன கேக்குது?"

"கடைசில என்ன ஆச்சுன்னு."

"போடுங்கம்மா."

போட்டாள்.

"பேரு எங்க வரும்?"

"பேரு போடமாட்டாங்க. நம்பர் மட்டும்தான்."

அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அன்று மாலையே பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுத் திட்டினார். இரண்டு மாதம் எதையும் ஏற்ற முடியாதபடி அவளுடைய கணக்கை முடக்கினார். செப்டம்பரில் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பட்டியலில் அவள் பெயர் நான்காவது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை.

நவம்பரில் குண்டூரிலிருந்து ஒரு டாக்டர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை, அதே மாற்றம். இரண்டாவது பதிவில், மதுவுடையதில், நோயின் தொடக்கத்தை விவரமாக எழுதியிருந்ததால்தான் உடனே பிடிபட்டதாம். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம், குழந்தை தானே எடுத்துச் சாப்பிடுகிறாளாம். சுஜாதா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஏகாம்பரத்தின் படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

எடுத்தது அவர் மனைவி பிரபா. சுஜாதா, தான் யாரென்று சொல்லிவிட்டு, தன் திக்கித் திணறும் தமிழில் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் மதுவால்தான் என்றாள்.

"நல்லாருக்கட்டும்" என்றாள் பிரபா. "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதம்மா. இனிமே இந்த மாதிரி ஏதாவது வந்தா எங்களுக்குச் சொல்ல வேணாம். அவரு கேட்டாலும் சொல்லாத. அந்தச் சீட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. இன்னொரு புள்ள பொழச்சுதுன்னு கேக்குறப்பல்லாம், எம்புள்ளைய மறுபடியும் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

"சரிம்மா" என்றாள் சுஜாதா.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று ராஞ்சியிலிருந்து, ஒன்று டாக்காவிலிருந்து. இரண்டு குழந்தைகளும் தேறிவிட்டார்கள். டாக்டர்களுக்குப் பதில் எழுதினாள். லக்ஷ்மிபாய் நகரில் யாருக்கும் அவள் சொல்லவில்லை.